நெற்றி ஓரம் முடி குறைகிறது, ஹிஜாப்தான் காரணமா?

கேள்வி: புதுவயலில் ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதுகிறேன். வயது 29. காலை எட்டு மணிக்குக் கட்டும் ஹிஜாபை இரவு ஏழு மணிக்குத்தான் அவிழ்க்கிறேன். ஒரு வருடமாகக் காதோரத்திலும் முன்நெற்றியிலும் முடி மெலிந்துகொண்டே வருகிறது. உச்சியில் அரிப்பும் பொடுகும் உண்டு. காற்றுப் படாமல் வேர் செத்துப்போகிறது என்று பார்லரில் சொல்லி 1,800 ரூபாய்க்கு மூலிகை எண்ணெய் கொடுத்தார்கள். பலனில்லை. என் மாமிக்கும் நெற்றி ஏறிக்கொண்டே போகிறது. ஹிஜாபை விடாமல் முடியைக் காப்பாற்ற வழி உண்டா?

பதில்: உண்டு, சகோதரி. முதலில் அந்தக் காற்றுக் கதையை ஒதுக்கிவையுங்கள். முடி வேருக்கு வேண்டிய பிராணவாயு ரத்தத்தின் வழியாகப் போகிறது. தோலுக்கு வெளியே தெரியும் முடி உயிரில்லாத பொருள். அதற்கு மூச்சு முட்டாது. தலையை மூடுவதால் மட்டும் யாருக்கும் முடி கொட்டாது.

இழுப்பால் கொட்டும். உங்களுக்கு முடி குறையும் இடத்தைக் கவனியுங்கள். ஹிஜாபுக்குள் போடும் உள்தொப்பியின் எலாஸ்டிக் அழுத்துவதும், இறுக்கிப் போட்ட கொண்டை பின்னுக்கு இழுப்பதும் அதே காதோரத்தையும் முன்நெற்றியையும்தான். தினமும் பதினொரு மணி நேரம் இழுபடும் வேர் தளர்ந்து, ஒவ்வொரு முறையும் மெல்லிய முடியாகவே முளைத்து, கடைசியில் நின்றுவிடுகிறது. கண்ணாடி முன் நின்று பாருங்கள்: மெலிந்த பகுதிக்கும் நெற்றிக்கும் நடுவில் ஒரு வரிசைப் பூனைமுடி மிச்சமிருந்தால், அது இழுவையால் வந்த உதிர்வு. அந்தக் குட்டை முடிகள் கொண்டைக்குள் சிக்காததால் தப்பித்தவை. இந்தக் கட்டத்தில் இழுப்பை நிறுத்தினால் திரும்ப வளரும். பல வருடம் அப்படியே விட்டால் வேர் இருந்த இடம் தழும்பாகும். தழும்பில் எந்த எண்ணெயும் முளைக்க வைக்காது.

ஆகவே கட்டும் விதத்தை மாற்றுங்கள். உச்சிக் கொண்டையையும், தலை பெரிதாகத் தெரிவதற்காக வைக்கும் கனமான க்ளிப்பையும் விட்டுவிடுங்கள். பிடரிக்குக் கீழே தளர்வாக ஒற்றைப் பின்னல் போட்டு, நுனியைத் துணி சுற்றிய பேண்டால் கட்டினால் போதும். உள்தொப்பி பருத்தியாக இருக்கட்டும். கழற்றியபின் நெற்றியில் கோடு பதிந்திருந்தால் அந்தத் தொப்பி உங்களுக்குச் சின்னது. எலாஸ்டிக்குக்குப் பதில் பின்பக்கம் நாடா வைத்துத் தைத்ததை வாங்கினால், நாளுக்கு நாள் முடிச்சின் இடத்தையும் இறுக்கத்தையும் மாற்றிக்கொள்ளலாம்.

பெரும்பாலோர் இறுக்கிக் கட்டுவதற்குக் காரணமே வழுக்குகிற ஜார்ஜெட்டும் சாட்டினும். துணி நழுவுகிறது, இன்னொரு ஊக்கு குத்துகிறோம், இன்னும் இழுக்கிறோம். மெல்லிய மல் பருத்தியில் இரண்டு மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம் வெட்டி ஓரம் அடித்துக்கொள்ளுங்கள். அது தானாகவே பிடித்து நிற்கும், செட்டிநாட்டு வெயிலில் வியர்வையையும் உறிஞ்சும். (கண்டாங்கிச் சேலையைக் கிழித்துத் தைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அந்த நெசவு தடிமன், தலைக்குக் கனம்.) ஊக்கைத் தாடைக்குக் கீழே துணியோடு துணியாகக் குத்துங்கள், முடியோடு சேர்த்துக் குத்தாதீர்கள்.

ஈரத்தலையில் கட்டக் கூடாது. நனைந்த முடி எளிதில் நீண்டு அறுந்துவிடும். ஈரமும் சூடும் சேர்ந்த தலையில் பொடுகு பெருகும். காலை அவசரத்தில் தலைக்குக் குளிப்பதை மாலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தொழுகைக்கு முன் செய்யும் ஒளுவில் தலையைத் தடவும் ஈரத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை, அது சில நிமிடத்தில் காய்ந்துவிடும். தொப்பியின் விளிம்பு நனைந்தால் மாற்றிக்கொள்ளக் கைப்பையில் இன்னொன்று வைத்திருங்கள். மில்லில் தவிட்டுத் தூசி படிவதால் தொப்பியையும் ஹிஜாபையும் தினமும் துவைத்து வெயிலில் காயப்போடுவது உங்களுக்குக் கட்டாயம்.

அரிப்புக்கு வருவோம். பொடுகில் பெருகும் ஈஸ்ட் கிருமி தலையின் எண்ணெய்ப்பசையைத் தின்று வாழ்வது. அந்தத் தலையில் எண்ணெயைத் தேய்த்து மேலே தொப்பியும் போடுவது அதற்கு விருந்து வைப்பதுதான். கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பூவை வாரம் இருமுறை, நான்கு வாரம் போடுங்கள். நுரையை உச்சந்தலையில் ஐந்து நிமிடம் விட்டுத்தான் அலச வேண்டும். உடனே அலசுபவர்கள்தான் பலனில்லை என்று திரும்பி வருகிறார்கள். தேங்காய் எண்ணெய் மேல் ஆசையிருந்தால், குளிக்க அரை மணி முன்பு முடியின் கீழ்ப்பாதிக்கு மட்டும்.

அந்த 1,800 ரூபாய் எண்ணெயைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. காய்ச்சலுக்கோ பிரசவத்துக்கோ பின் இரண்டு மூன்று மாதத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே நிற்கும். நின்ற நேரத்தில் யார் எண்ணெய் கையில் இருந்ததோ அவருக்குப் பேர். இப்படித்தான் இந்த வியாபாரம் வீட்டுக்கு வீடு, வாட்ஸ்ஆப் குழுவுக்குக் குழு ஓடுகிறது. புட்டியில் உற்பத்தி உரிம எண், தொகுதி எண், தேதி, சேர்மானப் பட்டியல் நான்கும் இல்லையென்றால் வாங்கவே வாங்காதீர்கள். இருந்தாலும், இழுவையால் வந்த உதிர்வை எண்ணெய் நிறுத்தாது. பார்லர்க்காரர் முடியை வழுவழுப்பாக்கும் கெரட்டின் செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பல கலவைகள் சூட்டில் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயுவை வெளிவிடும். வழுவழுப்பான முடியில் துணி நிற்காது என்று இன்னும் இறுக்குவீர்கள். ‘இலவச முடிப் பரிசோதனை முகாம்’ என்று கேமராவில் தலையைப் பெரிதாக்கிக் காட்டுவார்கள். அத்தனை பெரிதாக்கினால் எந்தத் தலையும் பயங்கரமாகத்தான் தெரியும். அடுத்த நிமிடமே ஊசி பேக்கேஜுக்கு முன்பணம் கேட்பார்கள்.

இதைவிட ஆபத்து, மெடிக்கல் கடையில் அரிப்புக்கு என்று எடுத்துத் தரும் கலவைக் களிம்பு. அதில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். மாதக்கணக்கில் போட்டால் நெற்றித்தோல் மெலிந்து, பரு கிளம்பி, விட்டவுடன் இருமடங்காகத் திரும்பும். இத்தகைய களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு ஆணையிட்டது. ஆணை ஏட்டில் இருக்கிறது, களிம்பு கவுண்டரில் இருக்கிறது. கேட்க ஆளில்லை. அரசு மருத்துவமனையில் தோல் மருத்துவரைப் பார்க்க ஒரு காலைப்பொழுதும் அன்றைய சம்பளமும் போகும் என்றால், பெண்கள் பார்லரையும் கடையையும் நம்பாமல் என்ன செய்வார்கள்? இந்த நிலையை மாற்ற வேண்டியவர்கள் உங்களைக் குறைசொல்ல உரிமையில்லாதவர்கள்.

ரத்தப் பரிசோதனை என்றால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பு), டிஎஸ்ஹெச் (தைராய்டு) மூன்றும் போதும். லேப் ஏஜென்ட் நீட்டும் அறுபது பரிசோதனைப் பட்டியல் வேண்டாம். முடிக்கு என்று விற்கும் பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள், தைராய்டு முடிவைப் பொய்யாக்கிவிடும்.

இனி உங்கள் மாமி. மேலே சொன்ன எதையும் அவருக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். மாதவிடாய் நின்ற வயதில் பெண்களுக்கு வரும் வேறொரு நோய் இருக்கிறது. நெற்றிக்கோடு ஒரு பட்டைபோலச் சீராகப் பின்வாங்கும். அங்கே தோல் வழவழவென்று வெளுத்துப் பளபளக்கும். நான் சொன்ன பூனைமுடி வரிசை இருக்காது. பலருக்குப் புருவமும் கொட்டும், சிலருக்கு நெற்றிக்கு முன் புருவமே கொட்டிவிடும். வயசாச்சு, புருவம் குறைஞ்சா என்ன என்று யாரும் பொருட்படுத்துவதில்லை. நோய் எதிர்ப்புச் சக்தி தன் முடி வேரையே தாக்கித் தழும்பாக்குகிறது. போனது திரும்பாது, இருப்பதை மருந்தால் காக்கலாம், அதனால் ஒவ்வொரு மாதமும் கணக்கு. ஹிஜாபைத் தளர்த்தினாலும் இது நிற்காது. இன்றே அவர் புருவத்தைப் பாருங்கள். மெலிந்திருந்தால் இந்த வாரமே சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, வேறு தோல் மருத்துவரிடமோ கூட்டிச் செல்லுங்கள். தேவைப்பட்டால் சிறு தோல் துண்டு எடுத்துப் பார்ப்பார்கள், பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லிவையுங்கள்.

உங்களுக்கு அவ்வளவு அவசரமில்லை. இன்று ஜன்னலோரம் நின்று இரண்டு காதோரத்தையும் படமெடுத்து, மாதம் ஒருமுறை அதே இடத்தில் அதே வெளிச்சத்தில் எடுங்கள். மூன்றாம் மாதமே குட்டை முடி தெரிய வேண்டும். ஆறு மாதமாகியும் ஒன்றும் தெரியாவிட்டால், அந்தப் படங்களோடு தோல் மருத்துவரைப் பாருங்கள்.