வசந்தகால இமயமலைப் பனி: வாசகர் கேள்விகள்

கே: ஏப்ரலில் பனிச்சரிவு ஆபத்து முடிந்திருக்கும்தானே?

முடியாது, குணம்தான் மாறும். 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் நாதுலா கணவாய்க்குப் போகும் சாலையில் பனிச்சரிவில் சிக்கிச் சுற்றுலாப் பயணிகள் ஏழு பேர் இறந்தார்கள். அதுவும் பட்டப்பகலில். மார்ச், ஏப்ரலிலும் மேற்கிலிருந்து வரும் மழைமேகங்கள் உயரத்தில் புதுப்பனியைக் கொட்டும். கொட்டி முடிந்த மறுநாள் வானம் பளிச்சென்று இருக்கும், எல்லோரும் கிளம்பத் துடிப்பார்கள். நான் அன்றைக்குக் கூடாரத்தை விட்டு நகர மாட்டேன்.

கே: கைடு நள்ளிரவு இரண்டு மணிக்கே எழுப்பிவிடுகிறார். இது அவசியமா?

அவரைத் திட்டாதீர்கள். பகலில் உருகிய பனி இரவில் இறுகிக் கெட்டியான ஓடாகிறது. விடிவதற்குள் அதன்மேல் ஏறி, வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும். அப்புறம் உருகிய நீர் உள்ளே இறங்கி, பனிமணிகளுக்கு இடையிலான பிடி தளர்ந்து, மொத்தமாக வழுக்கிக்கொண்டு வரும். கிழக்கு பார்த்த சரிவில் இது முதலில் நடக்கும், பிறகு தெற்கு, மாலையில் மேற்கு.

ஆனால் மணியை மட்டும் நம்பக்கூடாது. இரவு மேகமூட்டமாக இருந்தால் பனி வெப்பத்தை வெளியே விடாது, அந்த ஓடு சரியாக இறுகாது. அப்படிப்பட்ட நாளில் மூன்று மணிக்குக் கிளம்பியும் பயனில்லை. பூட்ஸ் கணுக்கால் வரை புதைந்தால் நேரம் நெருங்குகிறது என்று பொருள். முழங்கால் வரை போனால் நீங்கள் ஏற்கெனவே தாமதம். மேலேயிருந்து சின்னச் சின்னப் பனி உருண்டைகள் தானாக உருண்டு வந்தாலும் அப்படித்தான்.

கே: எந்தச் சரிவு ஆபத்து?

பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை. போனில் சாய்வு அளக்கும் ஆப் இருக்கிறது. ஆனால் நிற்கிற இடத்தை மட்டும் அளந்துவிட்டு நிம்மதியாகாதீர்கள், தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். சமதளமான பள்ளத்தாக்கில் கூடாரம் போட்டவர்களையும் மேலிருந்து வந்த பனி மூடியிருக்கிறது.

கே: கத்தினால் பனி சரியுமா?

சரியாது. சினிமாவில்தான்.

கே: பீக்கன் கருவி வாங்கினால் போதுமா?

போதாது. பீக்கன் என்பது உடலில் கட்டிக்கொள்ளும் சிக்னல் கருவி, பனிக்குள் புதைந்தவர் ஏறக்குறைய எந்த இடத்தில் இருக்கிறார் என்று மட்டும் காட்டும். துல்லியமாகக் குத்திப் பார்க்க நீளக் கம்பியும், தோண்ட மண்வாரியும் வேண்டும். குழுவில் ஒவ்வொருவரிடமும் இந்த மூன்றும் இருக்க வேண்டும், பயன்படுத்தப் பழகியும் இருக்க வேண்டும். முழுதாகப் புதைந்தவரைச் சுமார் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். அதற்குள் கீழேயிருந்து மீட்புக்குழு வராது.

கே: முன்னறிவிப்பு எங்கே கிடைக்கும்?

பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழுள்ள டி.ஜி.ஆர்.இ. நிறுவனம் இமயமலைப் பகுதிகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. அது ஒரு பெரிய பகுதிக்கான கணிப்பு. உங்கள் எதிரே இருக்கும் சரிவை நீங்களும் கைடும்தான் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

கே: ஓடையின் மேல் பனிப்பாலம் இருக்கிறது, கடக்கலாமா?

காலையில், ஒவ்வொருவராக, கைடு தடியால் குத்திப் பார்த்த பிறகு. மதியம் வேண்டாம், சுற்றிப் போங்கள்.