‘டூ விதவுட்’: சமாளிப்பா, சலிப்பா?

கேள்வி: கோத்தகிரியில் ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பறையில் வேலை பார்க்கிறேன். பக்கத்து அறையில் இரவெல்லாம் பாட்டுச் சத்தம் கேட்டதைப் பற்றி ஒரு விருந்தினர், ‘ஐ குட் டூ விதவுட் தட் நாய்ஸ்’ என்றார். ‘டூ விதவுட்’ என்றால் ஒன்று இல்லாமல் சமாளிப்பது என்று படித்திருக்கிறேன். அவர் சமாளித்துக்கொள்வதாகச் சொன்னாரா, குறை சொன்னாரா?
- வாசகர், கோத்தகிரி

பதில்: குறைதான் சொன்னார், அதுவும் நாகரிகமாக. நீங்கள் படித்த பொருளும் சரியே. ‘விதவுட்’ என்பதன் பின் வரும் பொருள் தேவையானதா, தொல்லையானதா என்று பார்த்தால் குழப்பம் தீரும். தேவையானதாக இருந்தால், அது இல்லாமலும் காரியம் நடக்கிறது என்று பொருள். கல்லாறு முதல் குன்னூர் வரையுள்ள செங்குத்தான ஏற்றத்தில் மலை ரயிலுக்கு, அதன் பற்சக்கரம் பற்றி ஏறும் பல் தண்டவாளம் (‘ராக்’) இல்லாமல் முடியாது. ஆகவே அங்கே ‘த ட்ரெய்ன் கான்ட் டூ விதவுட் த ராக்’. குன்னூரிலிருந்து ஊட்டி வரை அது இல்லாமலே ரயில் ஏறிவிடுவதால், ‘த ட்ரெய்ன் டஸ் விதவுட் இட்’. காலத்துக்கும் எழுவாய்க்கும் ஏற்ப ‘டூ’ மட்டுமே டஸ், டிட், டன் என்று மாறும், ‘விதவுட்’ மாறாது. எதைப் பற்றிய பேச்சு என்பது தெரிந்திருந்தால் பொருளின் பெயரையே விட்டுவிடலாம்: பால் தீர்ந்த நாளில் ‘வீல் ஹாவ் டு டூ விதவுட்’ என்றாலே போதும்.

சத்தம், தாமதம், வேண்டாத அறிவுரை போன்றவை பின்னால் வந்தால் நிலைமை வேறு. அப்போது, குறிப்பாக ‘குட்’ சேர்ந்து வரும்போது, ‘இது இல்லாதிருந்தால் நன்றாயிருக்கும்’ என்ற சலிப்பே வெளிப்படுகிறது. குரல் தணிந்திருந்தாலும் அதை முறையீடாகவே எடுத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, பக்கத்து அறையினரிடம் பேசுவதே முறை. இந்தத் தொடரை நீங்கள் விருந்தினரிடம் பயன்படுத்த வேண்டாம். ‘ஐ கேன் டூ விதவுட் யுவர் அட்வைஸ்’ என்பது ‘உங்கள் அறிவுரை எனக்குத் தேவையில்லை’ என்று முகத்தில் அடித்தாற்போல் ஒலிக்கும்.

உங்கள் பணியில் இதைவிட அடிக்கடி காதில் விழக்கூடியது ‘குட் டூ வித்’. ‘அவுட்’ போனதும் பொருள் நேரெதிராகி, ‘கிடைத்தால் நன்றாயிருக்கும்’ என்றாகிவிடுகிறது. டிசம்பர் குளிரில் ஒருவர் ‘ஐ குட் டூ வித் அனதர் ப்ளாங்கெட்’ என்றால், அவர் இருப்பதை வைத்துச் சமாளிப்பதாகச் சொல்லவில்லை; இன்னொரு கம்பளியை உடனே அறைக்கு அனுப்பிவிடுங்கள்.