இரவு டியூட்டியில் மருத்துவரை அழைக்கும்போது என்ன சொல்வது?

கேள்வி: தனியார் மருத்துவமனை ஒன்றின் அறுவை சிகிச்சை வார்டில் செவிலியராகச் சேர்ந்து சில மாதங்களே ஆகின்றன. இரவில் நோயாளியின் நிலை மாறும்போது மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தால், "என்னதான் சொல்ல வர்றீங்க சிஸ்டர்?" என்று எரிந்து விழுகிறார். அதற்குப் பயந்து, காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. தெளிவாகப் பேசப் பழகுவது எப்படி?

பதில்: காத்திருக்கலாம் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். நோயாளிக்கு ஏதாவது ஆகிவிட்டால், அழைத்துத் திட்டு வாங்கியவரிடம் அல்ல, அழைக்காமல் விட்டவரிடம்தான் விளக்கம் கேட்பார்கள்.

அந்த மருத்துவரின் தொனி தவறு. ஆனால் கேள்வியில் நியாயம் இருக்கிறது. தூக்கத்திலிருந்து எழுந்து பேசுபவரின் கையில் கேஸ் ஷீட் இல்லை, கண் முன்னால் நோயாளியும் இல்லை. நாமோ, "சார், தூங்கிட்டிருந்தீங்களா, தொந்தரவுக்கு மன்னிக்கணும், அந்த பேஷண்ட் கொஞ்சம் டல்லா இருக்கார்" என்று தொடங்கி, மாலையிலிருந்து நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லி, முக்கியமான எண்ணைக் கடைசியில்தான் சொல்கிறோம்.

இதற்கென்றே 'எஸ்பார்' (SBAR) என்ற முறை இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் அணு நீர்மூழ்கிக் கப்பல்களில் தோன்றிய இந்த முறையை, கொலராடோவில் கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவச் சேவை நிறுவனத்தார் மருத்துவமனைக்கு ஏற்றபடி மாற்றினார்கள். இப்போது என்ன நிலை, அதன் பின்னணி என்ன, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், அவர் என்ன செய்ய வேண்டும் என்பதே வரிசை. உங்கள் வார்டில் அது இப்படி ஒலிக்கும்:

"சார், சர்ஜிக்கல் வார்டு ஸ்டாஃப் நர்ஸ் பேசுகிறேன். 12-ஆம் படுக்கை நோயாளிக்கு பி.பி. 90/60-க்கு இறங்கிவிட்டது, நாடித்துடிப்பு 118. இன்று மதியம் குடல் அறுவை சிகிச்சை ஆனவர், மாலையில் பி.பி. 130/80 இருந்தது. கடந்த ஒரு மணி நேரத்தில் டிரெயின் குழாயில் 300 மி.லி. ரத்தம் வந்திருக்கிறது. உள்ளே ரத்தக்கசிவு இருக்குமோ என்று சந்தேகப்படுகிறேன். நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும். அதற்குள் ரத்த வங்கிக்குச் சொல்லட்டுமா?"

படுக்கை எண்ணோடு நிறுத்தாமல் பெயரையும் ஐ.பி. (உள்நோயாளி) எண்ணையும் சேர்த்துச் சொன்னாலும் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். எண்களைத் தேடித் தடுமாறாமல் இருக்க, கேஸ் ஷீட்டையும் மருந்துச் சார்ட்டையும் கையில் வைத்துக்கொண்டு, பி.பி.யை இன்னொரு முறை பார்த்துவிட்டு அழையுங்கள்.

எஸ்பாரின் நான்கு பகுதிகளில் நம்மவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது கடைசிப் பகுதியைத்தான். மருத்துவரிடம் போய் "நீங்கள் வர வேண்டும்" என்று எப்படிச் சொல்வது என்ற தயக்கத்தில், "பார்த்துச் சொல்லுங்க சார்" என்று முடித்துவிடுகிறோம். மரியாதையாகப் பேசுகிறோம் என்று நினைத்து ஆபத்தின் அளவையே குறைத்துச் சொல்வதன் விளைவு என்ன என்பதை விமானத் துறை அனுபவித்து அறிந்தது. 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் அருகே விழுந்த அவியாங்கா 52 விமானத்தின் துணை விமானி, எரிபொருள் தீர்ந்துகொண்டிருப்பதைத் தரைக்கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லத்தான் செய்தார். ஆனால் 'அவசரநிலை' என்ற சொல்லைக் கடைசிவரை பயன்படுத்தவில்லை. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். 'சார்' என்ற விளியில் மரியாதை இருக்கட்டும், 'உடனே' என்ற சொல்லை மட்டும் விழுங்கிவிடாதீர்கள்.

மருத்துவர் வாய்மொழியாக மருந்து சொன்னால், உடனே எழுதி, எழுதியதை அவரிடமே திரும்பப் படித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகே அழைப்பை முடியுங்கள். தொலைபேசியில் 'ஃபிஃப்டீன்' என்பதும் 'ஃபிஃப்டி' என்பதும் ஒன்றுபோலக் கேட்கும், ஆகவே "ஒன்று, ஐந்து, பதினைந்து மில்லிகிராம்தானே சார்?" என்று இலக்கம் இலக்கமாகக் கேளுங்கள். இதற்காக எரிச்சல்படும் மருத்துவர்கள் உண்டு, படட்டும்.

"காலையில் பார்க்கலாம்" என்று அவர் சொல்லியும் உங்கள் கவலை தீரவில்லை என்றால், "சார், பி.பி. இன்னும் இறங்குகிறது, நோயாளியின் பாதுகாப்பு குறித்துக் கவலையாக இருக்கிறது" என்று இன்னொரு முறை சொல்லுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் டியூட்டி மருத்துவரிடமும் இரவு நர்சிங் சூப்பர்வைசரிடமும் உடனே தெரிவியுங்கள். அழைத்த நேரம், சொன்ன விவரம், கிடைத்த பதில் ஆகியவற்றைச் செவிலியர் குறிப்பில் அப்படியே எழுதுங்கள். "டாக்டர் கோபப்பட்டார்" என்று எழுத வேண்டாம். கத்துவதே அவருக்கு வழக்கமாகிவிட்டது என்றால், அதைத் தனியாக, தேதியும் நேரமும் குறித்து, நர்சிங் சூப்பரின்டென்டென்ட் வழியாக எழுத்தில் கொண்டுபோங்கள். நள்ளிரவில் தொலைபேசியில் வாதாட வேண்டாம்.

நாளை மாலை ரவுண்ட்ஸில் அதே மருத்துவர் வரும்போது, அன்று அறுவை சிகிச்சையான ஒவ்வொரு நோயாளிக்கும், "பி.பி. எவ்வளவுக்குக் கீழே போனால், டிரெயினில் எவ்வளவு வந்தால் உங்களை அழைக்கட்டும் சார்?" என்று கேட்டு, அவர் சொல்லும் எண்களை கேஸ் ஷீட்டில் அவரையே எழுதச் சொல்லுங்கள். அந்த எண்களைத் தொடாமலே நோயாளியின் நிலை சரியில்லை என்று உங்களுக்குப் பட்டாலும் அழைக்கத்தான் வேண்டும். தொட்டுவிட்டாலோ, "நீங்கள் எழுதிய அளவுக்குக் கீழே போய்விட்டது சார்" என்பதே உங்கள் முதல் வாக்கியமாக இருக்கட்டும்.