பொத்தானுக்குச் சுவரில் என்ன வேலை?

ஐயா,

நான் உப்புவெளியில் இருக்கிறேன். கையால் செய்த பீங்கான் பொத்தான்களைச் சேர்த்து வருகிறேன். சுற்றுலா வந்தவர்கள் தந்தவை சில, இணையத்தில் வாங்கியவை பல. எல்லாவற்றையும் தடித்த அட்டையில் சூப்பர் குளூவால் ஒட்டி, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். இவற்றில் கைவேலை எது, தொழிற்சாலை வேலை எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வீண் செலவு என்கிறார் அம்மா.

ஒரு வாசகி

அன்புள்ள பிள்ளைக்கு,

புழங்குவதற்காகச் செய்த பொருட்களை எல்லாம் கண்ணாடிக்குள் அடைத்துவிடும் நம் பழக்கத்தைப் பற்றிச் சில நாட்களாகவே எரிச்சலுடன் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்து சிக்கிக்கொண்டது. கொஞ்சம் திட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா சொல்வதை விடுங்கள். பொத்தானுக்குக் காசு கொடுப்பதை எந்த அம்மா ஒப்புக்கொண்டார்?

கைவேலையா என்று அறியப் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். 1840இல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் புரோசர் காப்புரிமை பெற்ற முறையில், களிமண் தூளை உலோக அச்சில் அழுத்தியே பொத்தான் எடுத்தார்கள். பிரான்சின் பிரியார் நகரில் பாப்டெரோஸ் என்பவர் அந்தத் தூளில் பாலைக் கலந்து, ஒரே அழுத்தில் நூற்றுக்கணக்கில் எடுத்தார். அவற்றின் பின்புறம் தோடம்பழத் தோல் போலப் புள்ளி புள்ளியாக இருக்கும். கைவேலையில் துளையின் விளிம்பு சற்று மேடேறி நிற்கும். ஒரு துளை கோணலாக விழுந்திருக்கும். மெருகு படாத இடத்தில் செய்தவரின் விரல் ரேகைகூட இருக்கலாம். திருப்பிப் பாருங்கள் என்று எழுத வந்தேன். எப்படித் திருப்புவீர்கள்? ஒட்டித் தொலைத்துவிட்டீர்களே!

லூசி ரீ 1938இல் வியன்னாவிலிருந்து இலண்டனுக்குத் தப்பி வந்த குயவர். கலயங்களால் பின்னாளில் பெரும் பெயர் பெற்றார். 1940களில் அவருக்குச் சோறு போட்டவை, உடை நிறுவனங்களுக்குச் செய்துகொடுத்த பீங்கான் பொத்தான்கள்தாம். 1989இல் யப்பானிய வடிவமைப்பாளர் இசே மியாகேயின் கைக்கு அவை வந்தபோது, புதிய உடைகளில் தைத்து மேடையேற்றினார். சட்டம் போடவில்லை.

துவைத்தால் உடையும் என்பீர்கள். உடையும்தான். நம் ஊர்ச் சலவைக் கல்லில் பித்தளையே நசுங்கும். அதற்கும் இந்த ஊரிலேயே வழி இருந்தது. 1957இல் ஆங்கிலேயர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தை ஒப்படைக்கும்வரை என் பெரியப்பா கடற்படையினரின் வெள்ளைச் சீருடைகளைத் தைத்தார். அந்தச் சட்டைகளில் பொத்தானே தைப்பதில்லை. குத்தூசியால் சிறு துளை போட்டு, அதன் விளிம்பை வெள்ளை நூலால் நெருக்கமாகச் சுற்றித் தைப்பார். பொத்தானின் பின்வளையத்தை அதற்குள் செருகி, உட்புறம் ஒரு கம்பி வளையத்தைக் கோத்துவிட்டால் போதும். சலவைக்குப் போகும் முன் கம்பியை உருவினால் பொத்தான் கையோடு வந்துவிடும். அவர் அதைச் செய்யும்போது அருகில் பேசக் கூடாது. நூல் நெருக்கம் தவறினால் முழுவதையும் பிரிப்பார். நான் அதற்காக வாங்கிய குட்டு கொஞ்சமல்ல.

அதையே செய்யுங்கள். பின்வளையம் இல்லாமல் துளை மட்டும் இருந்தால், பீங்கான் பொத்தானையும் ஒரு சின்னச் சாதாரணப் பொத்தானையும் இடையில் தீக்குச்சிக் கனம் விட்டு நூலால் பிணையுங்கள். சட்டையின் இரு பக்கமும் பொத்தான் துளை வையுங்கள். நீங்கள் போடும் கம்பி வளையம் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். நம் உப்புக் காற்றில் மற்றது ஒரு மழைக்காலம் தாங்காது, துணியும் கறைபடும்.

முதலில் அந்த அட்டையை இறக்குங்கள். அசிட்டோன் கலந்த நகப்பூச்சு நீக்கியில் ஊறவிட்டால் பசை இளகும். சூளையில் சுட்ட மெருகுக்கு அதனால் கேடில்லை. சுட்ட பிறகு மேலே தீட்டிய வண்ணம் என்றால் கரைந்துவிடும், ஓரத்தில் பஞ்சால் தொட்டுப் பாருங்கள். அடுப்படியில் வைத்துச் செய்யாதீர்கள், தீப்பிடிக்கும்.

கழற்றியதும் படம் எடுத்து அனுப்புங்கள். பின்புறம் மட்டும்.