வெள்ளம் வருமுன் கேட்டு வைக்க வேண்டியவை

பிரதேச செயலகமொன்றில் சமூக சேவைப் பகுதியில் வேலை பார்த்தவள் என்பதால், மாரி நெருங்கும்போது மாற்றுத்திறனாளிகள் இருக்கும் வீடுகளிலிருந்து எனக்குக் கேள்விகள் வரும். இந்த முறை கிழக்கு மாகாணத்திலிருந்து வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கல்லடியிலிருந்து ஒரு தாய்: மிஸ், வெள்ளம் வந்தால் எங்களைப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகச் சொல்கிறார்கள். அங்கே எல்லாம் படிக்கட்டு. மகன் சக்கர நாற்காலியில் இருக்கிறான். கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறதா?

இருக்கிறது அம்மா. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் 2006 ஒக்டோபரில் வந்த ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களை எல்லோரும் உள்ளே போகக்கூடிய மாதிரி அமைக்கச் சொல்கின்றன. புதுப் பொதுக் கட்டடங்கள் இதை மீறக்கூடாது என்று 2011இல் உயர் நீதிமன்றமும் கட்டளையிட்டது. 2016இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்திய ஐ.நா. சமவாயத்தின் 11ஆம் உறுப்புரை, அனர்த்த நேரத்தில் மாற்றுத்திறனாளிகளைப் பாதுகாப்பது அரசின் கடமை என்கிறது.

ஆவணியில் ஏற முடியாத படியில் கார்த்திகை வெள்ளத்திலும் ஏற முடியாது. அதனால் இப்போதே அதிபருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். வலயக் கல்வி அலுவலகத்துக்கும் பிரதேச செயலாளருக்கும் பிரதி அனுப்புங்கள். சாய்தளத்தோடு மலசலகூடத்தையும் சேர்த்துக் கேளுங்கள். பலரும் இதைக் கேட்பதில்லை, எனக்கு அதுதான் பெரிய கவலை. கொமட் இல்லாத முகாமில் இருப்பவர்கள், குறிப்பாகப் பெண்கள், தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள். பிறகு காய்ச்சல், சிறுநீர்த் தொற்று என்று ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வரும். கதவு சக்கர நாற்காலி நுழையும் அகலமா, உள்ளே திருப்ப இடம் இருக்கிறதா என்று நீங்களே ஒருக்கால் போய்ப் பாருங்கள். சாய்தளமும் செங்குத்தாக இருந்தால் பயனில்லை. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும்.

கிரானுக்கு அப்பால், வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து: அப்பாவுக்குப் பாரிசவாதம். பாதை மூழ்கினால் உழவு இயந்திரமும் தோணியும்தான். அவரை எப்படி ஏற்றுவது?

தண்ணீர் ஏறிய பிறகு ஏற்றும் திட்டமே வேண்டாம் தம்பி. மழை பிடித்துக்கொண்டதும், பாதை திறந்திருக்கும்போதே வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு அவரைக் கொண்டுபோய்விடுங்கள். அந்த வீட்டுக்காரரிடம் இப்போதே பேசி வையுங்கள்.

அப்பாவின் பெயர் கிராம உத்தியோகத்தரின் (விதானையாரின்), வெள்ளத்தில் உதவி தேவைப்படுவோர் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெயர் மட்டும் போதாது. படுத்த படுக்கையா, தூக்க எத்தனை பேர் வேண்டும், சிறுநீர்க் குழாய் போட்டிருக்கிறதா என்பதையும் எழுதுவியுங்கள். அது தெரியாமல் ஒரே ஒரு ஆளோடு தோணி வந்தால் அவரை விட்டுவிட்டுத்தான் போகும். கிளினிக் கொப்பியும் இரண்டு கிழமை மருந்தும் பொலித்தீன் பையில் தயாராக இருக்கட்டும். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, அம்புலன்ஸுக்கு 1990.

காத்தான்குடியிலிருந்து: நானாவுக்கு (அண்ணனுக்கு) காது கேட்காது, தனியாக இருக்கிறார். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தால் அவருக்கு எப்படித் தெரியும்?

தெரியாது. 2004 மார்கழிச் சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் எச்சரிக்கை பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறோம், ஆனாலும் பெரும்பாலும் சத்தத்தைத்தான் நம்பியிருக்கிறோம். பக்கத்தில் இரண்டு வீட்டாரிடம் பொறுப்புக் கொடுங்கள். ஒரு வீடு போதாது, அவர்கள் ஊரில் இல்லாத நாளும் வரும். இரவில் ஜன்னலுக்குள் டோர்ச் அடித்தால் எழும்பி வெளியே வர வேண்டும் என்று நானாவோடு பேசி, ஒருமுறை பழகியும் பாருங்கள். கைத்தொலைபேசியை அதிர்வில் போட்டுத் தலையணைக்குக் கீழே வைக்கலாம். பள்ளிவாசல் நிர்வாகத்திடம், அறிவித்தல் கொடுத்த கையோடு ஒரு ஆளை இப்படியான வீடுகளுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் செய்வார்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து: புதிதாகத் திறந்த தனியார் வங்கிக்கு உயரமான படி. தனியாருக்கும் சட்டம் பொருந்துமா?

பொருந்தும். பொதுமக்கள் போகக்கூடிய எந்த இடத்துக்கும் மாற்றுத்திறனாளி போவதற்குத் தடை இருக்கக்கூடாது என்று அதே 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. முகாமையாளருக்கு எழுதுங்கள், பதில் வராவிட்டால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுப் போட வழியிருக்கிறது. எந்த அடிப்படையில் அந்தக் கட்டடத்துக்கு அனுமதி கொடுத்தார்கள் என்று மாநகர சபையிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அரச அலுவலகத்தில் இப்படி நடந்தால் ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிடுங்கள். கல்முனையில் அலுவலகம் இருக்கிறது.

வாழைச்சேனையிலிருந்து: போன வெள்ளத்தில் ஊன்றுகோலும் சக்கர நாற்காலியும் போய்விட்டன.

சேத விபரம் எடுக்க வரும்போது அவற்றைத் தனியாக எழுதுவியுங்கள். பிறகு சமூக சேவை உத்தியோகத்தரிடம் எழுத்தில் விண்ணப்பித்து, ஒரு பிரதியில் கையொப்பம் வாங்குங்கள்.

திருக்கோவிலிலிருந்து, பெயர் போட வேண்டாம் என்று: சின்ன மகளுக்கு மூளை வளர்ச்சி குறைவு. பட்டியலில் பெயர் கொடுத்தால் ஊருக்குத் தெரிந்து, மூத்தவளின் கலியாணம் குழம்பும் என்கிறார் மாமி.

மாமியின் பயம் எனக்கு விளங்குகிறது, இப்படியான பேச்சை ஊரில் நிறையக் கேட்டிருக்கிறேன். ஆனாலும் பெயரைக் கொடுங்கள். வெள்ளத்தில் அவள் பயந்து ஓடினாலோ ஒளிந்தாலோ தேடுவதற்கு, அவள் இருக்கிறாள் என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். விதானையாரை வீட்டுக்கு அழைத்துத் தனியாகச் சொல்லலாம், சபையில் சொல்லத் தேவையில்லை. கூப்பிட்டால் எந்தப் பெயருக்குத் திரும்புவாள், எதற்குப் பயப்படுவாள் என்பதையும் அவரிடம் சொல்லி வையுங்கள்.