பதில்: செட்சுபுனுக்கு ஓனி வேடம் போடச் சொல்கிறார்கள்

வணக்கம். ஜப்பான் மழலையர் பள்ளியில் செட்சுபுன் விழாவுக்கு ஓனி (பேய்) வேடம் போடச் சொல்கிறார்கள், பிள்ளைகள் பயந்துபோனால் அப்புறம் வகுப்பில் ஒட்டுவார்களா என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கவலைதான்.

அங்கே பாடம் எடுத்தபோது நானும் அந்த முகமூடியை மாட்டியிருக்கிறேன். கதவைத் திறந்ததும் மூன்று வயதுக் குழந்தைகள் டீச்சரின் ஏப்ரனைப் பிடித்துக்கொண்டு அலறினார்கள். ஐந்து வயதுக்காரர்களோ ‘ஓனி வா சொதோ, ஃபுகு வா உச்சி’ (பேய் வெளியே, பாக்கியம் உள்ளே) என்று கத்தியபடி விரட்டிக்கொண்டே வந்தார்கள். விழாவின் உயிரே அந்த விரட்டல்தான். வசந்தம் பிறப்பதாகக் கணக்கிடும் நாளுக்கு முந்தைய நாள், ஓனி மேல் வறுத்த சோயா பீன்ஸை எறிந்து கெட்டதை எல்லாம் துரத்திவிடுகிறார்கள். அதனால் நீங்கள் சீக்கிரம் தோற்க வேண்டும். நாலு அடி பட்டதுமே தள்ளாடி வெளியே ஓடிவிடுங்கள். மூலையில் நிற்கும் குழந்தையை நெருங்கவே வேண்டாம்.

சின்ன வகுப்பில் மட்டும், முகமூடியைப் பிள்ளைகள் கண்ணெதிரே மாட்டிக் காட்டலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். மனசு ஒப்பவில்லை என்றால் வேறு வேலை கேட்பதிலும் தப்பில்லை.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: வறுத்த சோயா பீன்ஸ். தொண்டையில் சிக்கும் என்பதால் 5 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று அந்நாட்டு நுகர்வோர் விவகார முகமையே எச்சரிக்கிறது. காகித உருண்டை போதும், பிள்ளைகளே உருட்டித் தருவார்கள்.

தேதியையும் விசாரித்துக்கொள்ளுங்கள். வழக்கமாக பிப்ரவரி 3. 2021, 2025 இரண்டிலும் 2ஆம் தேதியே வந்துவிட்டது.