கட்டாத தவணையா, வங்கி செய்த பிழையா? கல்விக் கடன் கேள்வி பதில்

வங்கியில் கடன் பிரிவில் பல வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். கல்விக் கடன் தவணை தாமதம் என்று சிபில் ரிப்போர்ட்டில், அதாவது கடனை எப்படிக் கட்டினோம் என்று பதிந்து வைக்கும் அறிக்கையில், வந்துவிட்டது, என்ன செய்வது என்பது பற்றிக் கேளுங்கள். கேட்கும் முன் ஒன்று: காசு கொடுத்தால் சிபிலைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று எவனாவது வந்தால் கதவைச் சாத்துங்கள். பிழை என்று புகார் கொடுக்க உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை.

கேள்வி: சார், பி.இ. 2020 ஆகஸ்டில் சேர்ந்து 2024 மே மாதம் முடித்தேன். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை என்று சாங்ஷன் லெட்டரில் (கடன் அனுமதிக் கடிதத்தில்) இருக்கிறது. ஆனால் 2024 ஜூனிலிருந்தே நான் கட்டவில்லை என்று ரிப்போர்ட் சொல்கிறது. பைக் லோன் கேட்டபோதுதான் தெரிந்தது.

பதில்: இந்த மாதிரிக் கேஸைத்தான் எதிர்பார்த்தேன். கணக்கு திறந்த அன்று படிப்புக் காலத்தை நான்கு வருடம் என்று போடாமல் மூன்று என்று போட்டிருப்பார்கள். கணினிக்கு உங்கள் படிப்பு 2023 மே மாதமே முடிந்தது. மாரட்டோரியம், அதாவது தவணை கட்ட வேண்டாத காலம், 2024 மே வரை. ஜூன் 5 முதல் தவணை. அது வராததால் நாள் எண்ண ஆரம்பித்துவிட்டது.

ரிப்போர்ட்டில் அந்தக் கடனுக்குக் கீழே மாதவாரியாகக் கட்டம் கட்டமாக எண்கள் இருக்கும், பாருங்கள். ஜூன் 025, ஜூலை 056, ஆகஸ்ட் 087, செப்டம்பர் 117 என்கிற மாதிரி. அது ரூபாய் இல்லை, தவணை தேதி தாண்டிப் போன நாட்கள். 90 தாண்டினால் வாராக்கடன். ஆக, தவணையே தொடங்காத பையனை நான்கே மாதத்தில் வாராக்கடன்காரன் ஆக்கிவிட்டார்கள்.

சிபில்காரர்களிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அவர்கள் தாங்களாக ஓர் எண்ணைக்கூட மாற்ற மாட்டார்கள், வங்கி சொன்னால்தான் மாற்றுவார்கள். முதல் கடிதம் பிராஞ்சுக்கு. சாங்ஷன் லெட்டர் நகல், கல்லூரியில் சேர்ந்த தேதியும் முடித்த தேதியும் உள்ள சான்றிதழ், கடன் கணக்கின் ஸ்டேட்மெண்ட், ரிப்போர்ட்டில் அந்தப் பக்கம், இவ்வளவும் இணைக்க வேண்டும். கடிதத்தில் "சிபிலைச் சரிசெய்யவும்" என்று மட்டும் எழுதாதீர்கள். "தவணை தொடங்கும் தேதியைத் திருத்தி, அதன்படி நிலுவை நாட்களை மறுபடி கணக்கிட்டு, நான்கு நிறுவனங்களுக்கும் அனுப்பவும்" என்று எழுதுங்கள். தேதியைத் திருத்தாமல் எண்ணை மட்டும் மாற்றினால் அடுத்த தகவல் போகும்போது பழைய பூதம் திரும்பி வரும். 2025 ஜனவரியிலிருந்து மாதம் இரண்டு முறையாவது தகவல் போகிறது.

நான்கு நிறுவனங்கள் என்றது சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க். ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் எடுத்துப் பாருங்கள், நான்கிலும் ஆன்லைனில் புகார் போடுங்கள்.

புகார் கொடுத்த நாளிலிருந்து 30 நாள் கெடு. அதில் வங்கிக்கு 21 நாள். 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுப்படி, கெடு தாண்டினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் உங்களுக்கு 100 ரூபாய். 45 நாள் இழுத்தால் 1,500. தொகை பெரிதில்லை, ஆனால் கடிதத்தில் இந்த வரியைப் பார்த்தால் பிராஞ்சில் ஃபைல் நகரும். நான் அந்த நாற்காலியில் இருந்தவன், எனக்குத் தெரியும்.

கேள்வி: உண்மையிலேயே மூன்று தவணை தாமதமாகக் கட்டினேன். இப்போது எல்லாம் கட்டியாச்சு. அழிக்க முடியுமா?

பதில்: முடியாது. நடந்ததை நடந்தது என்று எழுதியிருக்கிறார்கள், அது பிழை இல்லை. அந்த மாதக் கட்டங்கள் 36 மாதம் தெரியும். ஒழுங்காகக் கட்டக் கட்டப் பின்னால் தள்ளப்படும்.

கேள்வி: நான் கடன் வாங்கினேன், அப்பாவின் வீட்டுக் கடனை ஏன் மறுக்கிறார்கள்?

பதில்: அப்பாவும் கையெழுத்துப் போட்ட இணைக் கடன்தாரர். உங்கள் தாமதம் அவர் ரிப்போர்ட்டிலும் அப்படியே விழும். திருத்தம் வந்ததும் அவருடையதையும் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: சிபில் ஸ்கோர் (கடன் மதிப்பெண்) 590. 750 ஆக்க வழி?

பதில்: காலம். குறுக்கு வழி சொல்பவனுக்கு ஓடிபி சொல்லாதீர்கள்.

கேள்வி: அமெரிக்காவில் படித்து அங்கேயே வாங்கிய கடன், அந்த ஊர் ரிப்போர்ட்டில் தாமதம்...

பதில்: அந்த ஊர்ச் சட்டம் வேறு. அங்கே இருப்பவரைக் கேளுங்கள்.

கேள்வி: ஐயா, எதுக்குக் கட்டணும்? தேர்தல் வருது, கல்விக் கடன் தள்ளுபடி ஆகும்னு சொல்றாங்க. எங்க ஊர்ல நகைக்கடன் தள்ளுபடி ஆச்சே!

பதில்: இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். 2021-இல் தமிழக அரசு தள்ளுபடி செய்த ஐந்து பவுன் வரைக்குமான நகைக்கடனும் பயிர்க்கடனும் கூட்டுறவில் வாங்கியவை. கல்விக் கடனில் பெரும்பகுதி தேசிய வங்கிகளுடையது. 2008-இல் விவசாயக் கடனுக்கு மத்திய அரசு வங்கிகளுக்குப் பணம் கொடுத்தது, அதனால் தள்ளுபடி நடந்தது. யாராவது பணம் கொடுத்தால்தான் வங்கி கணக்கை முடிக்கும். மேடையில் சொன்னதை நம்பித் தவணையை நிறுத்தினால், நாளை தள்ளுபடியே வந்தாலும் நடுவில் விழுந்த 030, 060 எல்லாம் விழுந்ததுதான்.

அவரே மறுபடி: கோடி கோடியா வாங்கினவங்களுக்கு ரைட் ஆஃப் பண்ணலையா? நாலு லட்சம் வாங்கின புள்ளைய மட்டும் துரத்துறீங்க!

பதில்: கோபம் நியாயம். ஆனால் ரைட் ஆஃப் என்பது தள்ளுபடி இல்லை. வங்கி தன் கணக்குப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடும், வசூல் வழக்கு ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் அந்த வார்த்தை வந்தால் கறை. எனக்கு யாரையும் துரத்த ஆசையில்லை, ஓய்வு பெற்றாச்சு.

இன்னொருவர்: நான் செட்டில்மெண்டில் 60 சதவீதம் கட்டி முடித்தேன். அதுவும் தப்பா?

பதில்: தப்பில்லை. ஆனால் ரிப்போர்ட்டில் "குளோஸ்டு" என்று வராது, "செட்டில்டு" என்று வரும். பாக்கியை வங்கி விட்டுக்கொடுத்தது என்று அர்த்தம். முடிந்தால் மீதியையும் கட்டி பாக்கி இல்லை என்ற நோ டியூஸ் சான்றிதழ் வாங்கி, "குளோஸ்டு" ஆக்கச் சொல்லுங்கள். தள்ளுபடிப் பேச்சு இத்துடன் போதும்.

கேள்வி: தாமதமாகக் கட்டினேன் சார், அந்த என்ட்ரியை எடுக்க முடியுமா?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: எனக்கும் அதே. ஆனால் நான் அவசரத்தில் இருக்கிறேன்.

பதில்: மேலே. அவசரக்காரர்களைத்தான் ஏஜென்ட் தேடுகிறான்.

கேள்வி: அப்பாவுக்கு சிபில் மோசம் என்று தங்கைக்குக் கல்விக் கடனே தர மறுக்கிறார்கள்.

பதில்: ஸ்கோர் குறைவு என்ற ஒரே காரணத்தால் கல்விக் கடனை மறுக்கக்கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் சொன்னது. மறுப்பை எழுத்தில் கேளுங்கள், மேல்முறையீட்டுக் கடிதத்தில் இதைக் குறிப்பிடுங்கள்.

கேள்வி: 30 நாள் ஆகியும் வங்கி வாய் திறக்கவில்லை.

பதில்: ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர். இணையத்திலேயே புகார் கொடுக்கலாம், கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். 2022 செப்டம்பரிலிருந்து சிபில் மாதிரி நிறுவனங்களும் இதற்குள் வந்துவிட்டன. ஆனால் வங்கிக்கு முதலில் எழுதியதற்கு அத்தாட்சி வேண்டும்.

முதலில் கேட்ட பையன்: சார், இன்று பிராஞ்சுக்குப் போனேன். மேனேஜர் கடிதத்தை வாங்கி டிராயரில் வைத்துக்கொண்டார். "பார்க்கிறேன் தம்பி" என்றார். சீல் போட்ட நகல் தரவில்லை.

பதில்: அப்படியானால் நீங்கள் கடிதமே கொடுக்கவில்லை. அதே கடிதத்தை இன்றைக்கே ஸ்பீடு போஸ்ட்டில், போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கேட்டு அனுப்புங்கள், ஸ்கேன் செய்து வங்கியின் குறைதீர்ப்பு மின்னஞ்சலுக்கும் போடுங்கள். அந்தத் தேதியிலிருந்து 30 எண்ணுங்கள். டிராயரில் இருப்பதை மறந்துவிடுங்கள், அந்த டிராயரை எனக்குத் தெரியும்.